இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு டைவர்

"இந்தக் காலு ரெண்டும் திருப்பூர் மண்ண மிதிக்காது" என்று அப்பா அறிவித்தபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ரேஷன் அரிசிச் சோறு. நெல் விளையும் ஊரில் ரேஷன் அரிசி. எங்கள் நிலைமையை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

முதலில் நான். பேர் கயல்விழி, வயது பதினெட்டு. ப்ளஸ் டூவில் கணக்கு போச்சு. மறுபடி எழுது என்றார்கள். எனக்குக் கணக்கு வராது என்பது எனக்கும் தெரியும், கணக்குக்கும் தெரியும். நின்றுவிட்டேன். இதில் நான் செய்த தப்பையும் எழுதப்போகிறேன், அப்பா செய்ததையும் எழுதப்போகிறேன். அப்பாவுக்குப் பிடிக்காது. பரவாயில்லை, அவர் தினத்தாளில் ராசிபலன் தவிர வேறெதுவும் படிப்பதில்லை.

ரெண்டு வருஷமாகக் குறுவைக்குத் தண்ணீர் வரவில்லை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரிக்குள் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். போன வருஷ ஆடிப் பெருக்குக்கு அம்மா அடிபம்புக்குப் பூ வைத்துக் கும்பிட்டாள். நடவு இல்லை, களையெடுப்பு இல்லை, அறுப்பு இல்லை. ஊரில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ரயில் ஏறியாயிற்று. அம்மாவின் தம்பி அன்பரசன் மாமா நாலு வருஷம் முன்னாலேயே போனவர். இப்போது அங்கே இருபது பேரை மேய்க்கும் சூப்பர்வைசர். அவர்தான் போனில் சொன்னார், மூணு பேரும் வந்துடுங்க, மச்சானுக்கு என் செக்‌ஷன்லயே வேலை போட்டுத் தர்றேன் என்று.

அந்த "என் செக்‌ஷன்லயே" அப்பாவின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

"கல்யாணத்தன்னிக்கு என் காலைக் கழுவிட்டு மோதிரம் வாங்கிட்டுப் போன பய அவன். அவன் விசிலடிச்சா நான் டீ குடிக்கணும், மறுபடி விசிலடிச்சா கிளாஸ வெக்கணுமா?"

அம்மா ரசத்தைக் கலக்கி ஊற்றினாள். அம்மா பேர் காளியம்மாள். பேருக்கு ஏற்ற குரல் கிடையாது. மெதுவாகத்தான் பேசுவாள், அதுதான் ஆபத்து.

"எனக்கு என் தம்பி பக்கத்துல இருக்கணுங்க. பஞ்சுத் தூசில இருமி இருமி நெஞ்செலும்பு தெரியுதாம். ஆடி கடைசி வரைக்கும் பாருங்க. இங்க நிரந்தரமா ஒரு வேலை கெடச்சா இருப்போம். கெடைக்கலேன்னா என் தம்பி இருக்கிற எடம்தான் நம்ம எடம்."

நான் யார் பக்கம் என்று கேட்டால், ரெண்டு பக்கமும். திருப்பூர் போனாலும் சரி, அப்பாவுக்கு இங்கே வேலை கிடைத்தாலும் சரி. எனக்கு எதாவது ஒன்று சீக்கிரம் நடக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதைவிட அந்தக் கணக்குப் பரீட்சையே மேல் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

ஊருக்கு மேற்கே, முன்பு பதினைந்து ஏக்கர் வயலாக இருந்த இடத்தில், சிங்கப்பூரில் சம்பாதித்த ஒருத்தர் ரிசார்ட் கட்டியிருந்தார். பெரிய கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களும், லீவுக்கு வரும் திருச்சிக் கம்பெனிக்காரர்களும் தங்குவார்கள். அவர்களுக்காக ஒரு கோல்ஃப் மைதானம். ஒரு கம்பியால் கோழிமுட்டை மாதிரி இருக்கும் பந்தை அடித்து, கண்ணுக்கெட்டாத தூரத்தில் உள்ள குழியில் தள்ள வேண்டும். கையில் எடுத்துக்கொண்டு போய்ப் போட்டால் அஞ்சு நிமிஷ வேலை. அவர்கள் அரை நாள் செய்வார்கள். நடுவில் ஒரு குட்டை. போர்வெல் போட்டு நிரப்பியது. பத்துப் பந்து அடித்தால் மூணு அதில் விழும். விழுந்தால் யாரும் வருத்தப்படுவதில்லை, பையிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்து அடிப்பார்கள். நெல்லுக்கு இல்லாத தண்ணீர் பந்துக்கு இருந்தது.

அந்தக் குட்டையில் இறங்கிப் பந்தெடுக்க ஆள் வேண்டும் என்று மேனேஜர் தங்கமணி தேடிக்கொண்டிருந்தார். கோயமுத்தூர்க்காரர், நல்ல மனுஷர். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய பேர் வைப்பார். தோட்டக்காரருக்கு லான் டெக்னீஷியன், வாசல் காவல்காரருக்கு செக்யூரிட்டி ஆபீசர். இந்த வேலைக்கு அவர் வைத்த பேர் டைவர். ரிசார்ட் ஆட்கள் தண்ணிப்பாம்புக்குப் பயந்து இறங்கவில்லை. அப்பா போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வெள்ளத்தில் பாலத்திலிருந்து குதித்த கதையைச் சொன்னார். மேனேஜருக்குத் திருப்தி. ஆடி முடிந்த திங்கட்கிழமை வெளியூரிலிருந்து நாற்பது பேர் ஆட வருகிறார்கள். அதுவரைக்கும் பார்ட் டைம், யாரும் ஆடாத நேரத்தில் மட்டும் இறங்க வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் நானூறு பந்து எடுத்துக் கொடுத்தால் நிரந்தர வேலை. காக்கி பேன்ட், நெஞ்சில் பேர் போட்ட சட்டை, கழுத்தில் அட்டை.

அப்பா வீட்டுக்கு வந்து, "டைவர்" என்றார். ட்ரைவரா என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கு அரை மணி நேரம் விளக்கினார்.

மறுநாளே தஞ்சாவூர் போய்த் தண்ணீருக்குள் போடும் கண்ணாடி வாங்கி வந்தார். பெரியவர்கள் சைஸ் இல்லையாம். ரோஸ் கலர், ரெண்டு பக்கமும் சிரிக்கிற மீன். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, மூக்கைப் பிடித்து மூச்சடக்கிப் பழகினார். முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்ததும் நான் முதுகில் தட்டுவேன். அது என் வேலை.

இப்போது ஒரு உண்மை. அந்தக் குட்டையில் தண்ணீர் இடுப்பளவுதான்.

ஓரத்தில் தொடை, நடுவில் இடுப்பு. ஆனால் வேலையின் பேர் டைவர் ஆயிற்றே. அப்பா கரையிலிருந்து ரெண்டு கையையும் நீட்டிக் குதிப்பார். வயிறு தரையில் தட்டும். அப்புறம் குப்புறப் படுத்துக் கையால் துழாவுவார். கை பட்டதும் அடிச்சேறு கிளம்பி, மீன் கண்ணாடிக்கு முன்னால் எல்லாம் கறுப்பு. மூச்சு முட்டி எழுந்தால் கையில் ஒரு கல், ஒரு நத்தை, எப்போதாவது ஒரு பந்து. முதல் நாள் ஒன்பது. ரெண்டாம் நாள் பதினொன்று. மூணாம் நாள் ஏழு பந்தும், வெள்ளைக்காரம்மா ஒருத்தருடைய ஒற்றைச் செருப்பும்.

அம்மா தினமும் மத்தியானச் சோறு கொண்டுவந்து கரையில் உட்கார்ந்து பார்ப்பாள். ரெண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் தூக்குவாளியைத் திறந்துகொண்டே சொன்னாள்:

"இது நான் பத்து வருஷம் நட்ட வயலுங்க. அடியில அதே சேறுதான். கையால கலக்குனா பந்து இன்னும் உள்ளதான் போவும். நின்னுக்கிட்டுக் காலால தடவிப் பாருங்க. வெரலுக்குத் தெரியும்."

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மீன் ரெண்டும் அம்மாவைப் பார்த்துச் சிரித்தன.

"என்ன, நடவு நடச் சொல்றியா? பொம்பளையாளு மாதிரி சேத்துல பின்னாடியே நடந்துக்கிட்டு? இது டைவிங்கு காளி. இதுக்கு மூச்சு வேணும்."

"சரிங்க" என்றாள் அம்மா. "கொழம்பு ஊத்தவா?"

அதற்குப் பிறகு அவள் கரைக்கு வரவில்லை. சோற்றை என்னிடம் கொடுத்தனுப்பினாள். வராத நேரத்தில் எங்கே போனாள் என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கடைசி வாரத் திங்கட்கிழமை கணக்குப் பார்த்தோம். நூற்றித் தொண்ணூறு. அப்பாவின் ரெண்டு காதிலும் தண்ணீர், ஒரு பக்கம் பேசினால் மறுபக்கம் திரும்பினார். அம்மா ஒரு தட்டில் சூடம் ஏற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நானூறு வரலேன்னா?"

"வரும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா நீ சொல்றபடி கேக்குறேன்."

"எல்லாத்துலயும்?"

"எல்லாத்துலயும்தான். என்னமோ கோர்ட்டு மாதிரி கேக்குறே."

"அப்ப அணைங்க."

அப்பா உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணினார். கை சுட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த ரெண்டு நாளில் ஐந்து பந்துதான் கிடைத்தது. அதைப் புதன்கிழமை மேனேஜர் பார்க்கவில்லை என்று நினைத்து மறுபடி எண்ணிக் காட்டப் பார்த்தார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, எண்ணியாச்சுங்க என்றார். அந்தச் சிரிப்பில் அப்பா விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை. அவருக்கு வேறொரு யோசனை பிறந்துவிட்டது.

"கயலு, நூத்தித் தொண்ணூத்தஞ்ச நானூறுலேர்ந்து கழி."

"எறநூத்தி அஞ்சு."

"எடுத்த பந்தெல்லாம் செட்டுலதான் ரெண்டு டப்பால கெடக்கு. சாவி நம்மகிட்ட இருக்கு. அதுல நூத்தி எம்பத எடுத்துத் திரும்பக் குட்டையில போட்டுட்டு, திரும்ப எடுத்தா?"

நான் யோசித்தேன். நூற்றி எண்பது பழசு, இருபத்தைந்து புதுசு. விடை சரியாக வந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணக்கு எனக்குப் பிடித்தது.

இது தப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பா அந்தக் கண்ணாடியைக் கழற்றிய முகத்தோடு கேட்டார், கண்ணைச் சுற்றி ரெண்டு வட்டம் பதிந்திருந்தது. மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அவ்வளவுதான் காரணம்.

வியாழக்கிழமை மத்தியானம் மேனேஜர் விருந்தாளியை அழைத்துவரத் திருச்சி ஏர்போர்ட் போயிருந்தார். நானும் அப்பாவும் பந்துகளை உரச்சாக்கில் அள்ளினோம். டப்பாக்களின் அடியில் தேங்காய் மட்டையை அடைத்து, மேலே ஒரு வரிசை பந்து பரப்பினோம். ஒவ்வொரு பந்திலும் சின்னதாக ஒரு நீலப் புள்ளி இருந்தது. இதென்னப்பா என்று கேட்டேன். கம்பெனி மார்க்கு என்றார். பந்தில் ஏற்கெனவே இங்கிலீஷ் எழுத்து, நம்பர் எல்லாம் இருந்ததால் நானும் நம்பினேன். வடக்குக் கரையோரம் ஒரு மூங்கில் குச்சியை அடையாளம் நட்டு, அதன் அடியில் மொத்தத்தையும் மெதுவாகக் கொட்டினோம். வெள்ளிக்கிழமை ஒரு நாள் அடங்கட்டும், சனி ஞாயிறில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் சந்தேகம் வராது என்று அப்பா திட்டம். அன்றைக்கு அவர் மூணு தட்டு சோறு சாப்பிட்டார். திருப்பூரில் சோறே நன்றாக இருக்காதாம்.

வெள்ளிக்கிழமை எழுந்தபோது அம்மா இல்லை. ஆடி வெள்ளி, கோயிலுக்குப் போயிருப்பாள் என்று அப்பா திரும்பிப் படுத்தார். நான் கொடியைப் பார்த்தேன். நடவுக்குப் போகும்போது புடவைக்கு மேல் அம்மா போட்டுக்கொள்ளும் பழைய முழுக்கைச் சட்டையைக் காணோம். ரெண்டு வருஷமாக அது கொடியைவிட்டு இறங்கியதே இல்லை.

"அப்பா, எந்திரி" என்றேன்.

ஓடினோம். குட்டையில் ஒன்பது பொம்பளைகள். அம்மாவும் அவளுடைய பழைய நடவு ஆட்களும். தெற்குக் கரையில் பிடித்த வரிசை, கயிறு கட்டினாற்போல் நேராக, பின்னோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. ஒரு கால் அழுந்தும், விரல் துழாவும், முட்டி மடங்கி மேலே வரும், கை வாங்கும், பந்து மடிக்குள் போகும். யாரும் குனியவில்லை. யாரும் கீழே பார்க்கக்கூட இல்லை. ரெங்கம்மாள் பெரியம்மாவின் மருமகள் மிக்ஸி கேட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். கரையில் பந்து மலையாகக் கிடந்தது. மேனேஜர் தங்கமணி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் மூங்கில் குச்சியைப் பார்த்தேன். வரிசை அதற்கு நாலடி தூரத்தில் இருந்தது.

போய் நிறுத்தச் சொல்லலாம். எதற்கு நிறுத்த வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது? அப்பா வாயைத் திறந்து மூடினார். கண்ணாடிக்குப் பக்கத்தில் சிரித்த மீன் மாதிரியே இருந்தது, சிரிப்பு மட்டும் இல்லை.

ரெங்கம்மாள் பெரியம்மா நின்றாள்.

"காளி, இங்க வாயேன். கால வெச்ச எடமெல்லாம் பந்தா கெடக்கு. ஏதோ முட்டை வெச்சுட்டுப் போன மாதிரி."

அம்மா வந்து காலை வைத்தாள். ஒன்றை எடுத்தாள். தண்ணீரில் அலசித் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு தலையைத் தூக்கி நேராக அப்பாவைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவளுக்குத் தெரிந்துவிட்டது. கரையேறி என் பக்கத்தில் வந்து சேலையைப் பிழிந்தாள்.

"எத்தன போட்டீங்க?"

"நூத்தி எம்பது" என்றேன். அம்மாவிடம் பொய் சொல்லி நேரத்தை வீணாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எல்லாவற்றையும் எண்ணி முடித்தபோது அறுநூற்று நாற்பது. மேனேஜர் பையிலிருந்து ஒரு நீல மைப் பேனா எடுத்து, எண்ணிய பந்தில் புள்ளி வைக்கக் குனிந்தார். ஒரே பந்தை ரெண்டு தடவை கணக்கில் சேர்க்காமல் இருக்க அவர் வைக்கும் புள்ளி அது. அப்பா சொன்ன கம்பெனி மார்க்கு. குனிந்தவர் நிமிர்ந்தார்.

"இதுல ஏற்கெனவே புள்ளி இருக்குதுங்களே. செட்டுல இருந்த பந்து எப்படித் தண்ணிக்குள்ள வந்துச்சு?"

அப்பாவின் முகத்தில் நிரந்தர வேலை, காக்கி பேன்ட், கழுத்து அட்டை எல்லாம் ஒவ்வொன்றாக அணைந்தன. நாளைக்கே ஊரெல்லாம் திருடன் என்று பேசும். நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான்தாங்க போடச் சொன்னேன்" என்றாள் அம்மா.

மேனேஜர் திரும்பினார்.

"எங்க ஆளுங்க ஒண்ணு விடாம எடுப்பாங்கன்னு முந்தாநேத்து உங்ககிட்ட சொன்னேன்ல. வெறும் வாய்ச் சொல்ல எப்படி நம்புவீங்க? அதான் நீங்க புள்ளி வெச்சதுல நூத்தி எம்பத எண்ணிப் போட்டு வைங்கன்னு இவங்ககிட்ட சொன்னேன். எத்தன திரும்பி வந்திருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க."

எண்ணினார். நூற்று எழுபத்தொன்பது. மறுபடி எண்ணினார். அதே. அம்மா மறுபடி குட்டைக்குள் இறங்கி, குச்சியைத் தாண்டிக் கொஞ்சம் கிழக்கே நடந்தாள். முன்பு வாய்க்கால் மடை இருந்த பள்ளம் அது, அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு காலை அழுத்தினாள், முட்டியைத் தூக்கினாள், பந்தை மேனேஜரின் கையில் கொடுத்தாள். நீலப் புள்ளி.

மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். இந்த மாதிரி க்வாலிட்டி செக் நான் பெரிய கம்பெனியிலகூடப் பார்த்ததில்லை என்றார். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஐடியாவைச் சரியாகச் செயல்படுத்தியதற்கு நன்றி சொன்னார். குட்டை வேலை மொத்தமும் அம்மாவின் ஆட்களுக்கு. வாரம் ரெண்டு நாள், வருஷம் முழுக்க. டைவர் என்ற போஸ்ட்டையே எடுத்துவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா பரணிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

"சத்தியம் பண்ணுனவன் நான். நீ சொல்றபடி கேக்குறேன். எந்த ரயிலு?"

அவர் குரலில் கொஞ்சம் ஆசைகூட இருந்தது என்று நினைக்கிறேன். ஊர் முகத்தில் முழிப்பதைவிடத் திருப்பூர் தேவலாம் என்று தோன்றியிருக்கும்.

அம்மா ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"எதுக்கு ரயிலு? இங்கதான் வேலை கெடச்சிருச்சே. பெட்டிய மேல வைங்க."

அப்பா பெட்டியைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. ஜெயித்தது யாராக இருந்தால் என்ன, திருப்பூர் இல்லை. அதுதானே வேண்டும்.

"ஆனா மேனேஜரு முந்தாநேத்தே ஒண்ணு சொன்னாருங்க. ஆளுங்களை மேய்க்க, கணக்கு எழுத, பொறுப்பா ஒரு சூப்பர்வைசர் வேணுமாம். அனுபவம் இருக்கறவனா. புதன்கிழமையே அன்பரசனுக்குப் போன் பண்ணிட்டேன். பஞ்சுத் தூசி இல்லாத வேலையாச்சே. ஞாயித்துக்கிழமை வண்டியேறுறான்."

அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான்?" என்றார்.

"சேறு புடிச்ச பந்தக் கழுவ ஒரு ஆளு வேணும்ல. கயலும் கூட வரட்டும், சும்மாதானே இருக்கா."

இப்போது நானும் அப்பாவும் செட்டுக்கு வெளியே உட்கார்ந்து பந்து தேய்க்கிறோம். எனக்கு ஒன்றும் குறையில்லை, சுவரைவிடப் பந்து மேல். மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது, கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறார். காக்கி பேன்ட், நெஞ்சில் பேர் போட்ட சட்டை, கழுத்தில் அட்டை, வாயில் விசில். பத்து மணிக்கு ஊதினால் டீ. பத்தேகாலுக்கு ஊதினால் கிளாஸைக் கழுவி வைக்க வேண்டும். மாமா மரியாதை தெரிந்தவர். அப்பா தேய்த்து வைத்த பந்தில் ஒன்றை எடுத்து, வெயிலில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்பப் பணிவாகத்தான் சொல்வார்:

"மச்சான், இதை மட்டும் இன்னொரு தடவை கழுவிடுங்க."